பானெட் இல்லாத ஆஸ்டின்

நவம்பர் 3, திங்கள்

துணிக்கடைக்காரர் கொடுத்த டைரி பத்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். மனதில் இருப்பதை யாரிடமாவது சொன்னால் அது ஊரைச் சுற்றி என் காதுக்கே வந்து சேரும். இதில் எழுதினால் இங்கேயே கிடக்கும்.

என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி, ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு பொருளை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை மரத்தில் செய்து தர வேண்டும். அதுதான் அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு கோவில் குளம் போவார் என்று பார்த்தேன். மனிதர் கார் செய்கிறார்.

நிஜக் கார் இல்லை. அந்தக் காலத்து ஆஸ்டின் காரை அச்சு அசலாகச் சின்னதாக்கி, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு குட்டி வண்டி. பழைய ஸ்கூட்டர் எஞ்சின், மொபெட் சக்கரம், பைப்பில் அடிச்சட்டம். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய முதலாளியிடம் ஓர் ஆஸ்டின் இருந்ததாம். அடிக்கடி நின்றுபோகுமாம். இவரைத் தள்ளத்தான் விட்டார்களே தவிர ஒரு நாளும் உள்ளே உட்கார விடவில்லை. அந்தக் குறை நாற்பது வருடம் கழித்து என் வீட்டுப் போர்ட்டிகோவில் வந்து நிற்கிறது. ஜனவரியில் கையால் செய்த குட்டி வண்டிகளுக்கு ஓர் ஓட்டம் நடக்கிறதாம். அதற்குள் முடிக்க வேண்டுமாம்.

ஹால் சுவரில் இருந்த சாமி காலண்டரைக் கழற்றிவிட்டுக் காரின் படத்தை ஒட்டியிருக்கிறார். பழுப்புத் தாளில் பென்சிலால் போட்டது. முறைத்துக்கொண்டுதான் தோசை சுட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தகர வேலைக்கு ஒரு பொம்பளையைப் பிடித்திருக்கிறார். பெயர் பிலோமினா. உக்கடம் தாண்டி டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறாள். புருஷன் இருந்தவரை அவன் கூடவே தட்டினாளாம், அவன் போன பிறகு தனியாகத் தட்டுகிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொடி மாதிரி உடம்பு. நான் கொடியாக இருந்தது கல்யாண போட்டோவில் மட்டும்தான்.

மர அச்சுகளைப் பார்க்க வந்தாள். இவர் மட்கார்டுக்கும், எஞ்சினை மூடுகிற பானெட்டுக்கும் மரத்தில் அச்சு இழைத்திருக்கிறார். அதன்மேல் தகட்டைப் போட்டு அவள் தட்டி வளைக்க வேண்டும். அச்சை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இத்தன வழுவழுப்பா எப்படீங்ணா எழச்சீங்க. இதும்மேல சுத்தியல் வைக்கவே மனசு வராதுங்க."

முப்பது வருடமாக அவர் இழைத்ததைப் பார்த்து நான் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பவுடர் பவுடராக மரத்தூள் கூட்டியவளுக்கு வழுவழுப்பு எங்கே கண்ணில் படும்?

டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நல்ல பழக்கம்தான். ஆனாலும் என் சமையலறைக்குள் வழி கேட்காமல் போனாள் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

தகரம் தட்டுகிற இடத்துக்குப் போகிறவருக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை?

கேட்டேன். "ரோட்டுல நாலு பேரு பாக்கறாங்க அம்மிணி" என்றார். ஃபவுண்டரிக்கும் ரோட்டில்தானே போனார்? அப்போது நாலு பேர் இல்லையா?

நவம்பர் 20, வியாழன்

இன்றும் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. முருங்கைக்காய்ச் சாம்பார் வீணாய்ப் போயிற்று.

நவம்பர் 27, வியாழன்

இரண்டு மட்கார்டு, சைடுப் பலகைத் தகடு, சீட்டுக்கு இரண்டு தகடு, அடித்தளத் தகடு எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. பானெட் மட்டும் வருவேனா என்கிறது. பக்கத்துத் தெரு ஆட்டோவுக்கு டிங்கரிங் செய்ய ஓர் ஆள் வந்திருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த மாதிரி ரெண்டடி நீளப் பானெட்டுக்கு எத்தன நாளாகுமுங்க?"

"மர அச்சு இருக்குதுங்களா? அப்ப மூணு நாளுங்க. கையி சோம்பேறின்னா நாலு."

பிலோமினா அதை இரண்டு வாரத்துக்கு மேலாகத் தட்டுகிறாள். எங்கேயோ இடிக்கிறது. எனக்குக் கவலையெல்லாம் இவரை அவள் ஏமாற்றிவிடக்கூடாதே என்பதுதான். வெள்ளந்தி மனிதர், யார் என்ன சொன்னாலும் நம்புவார். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

நானே சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். பஸ்ஸில் சாம்பார்த் தூக்கை மடியில் வைத்துக்கொண்டே போனதில் சேலையெல்லாம் வாசனை.

போர்ட்டிகோவிலிருந்து கொண்டுபோன வண்டிச் சட்டத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சக்கரம் இல்லை. ஸ்டீயரிங் மட்டும் மாட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். சீட்டுக்குப் பதில் போட்டிருந்த பலகையில் பக்கத்தில் அவள். ரோட்டைப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். "வாங்க்கா. கால் எட்டுதான்னு அளவு பாத்தோமுங்க."

"யாரு காலு?" என்றேன்.

இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். நான் ஒன்றும் நினைக்கவில்லை. சாம்பார் ஆறிப்போயிருந்தது.

டிசம்பர் 3, புதன்

தலைவலி. துணி துவைக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இவர் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்கு வந்த தகடுகளை எல்லாம் அளந்துவிட்டேன்.

இருபது வருடம் ஜாக்கெட் தைத்தவள் நான். அரை இஞ்ச் கூடினால் கண்ணே சொல்லிவிடும். சுவரில் படம் இருக்கிறது, படத்தில் அளவு இருக்கிறது. என் தையல் டேப் இழுத்து இழுத்துத் தொய்ந்துவிட்டது, அதை நம்புவதற்கில்லை. அதனால் இவர் அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கும் எஃகு ஸ்கேலை எடுத்தேன். வண்டியின் முன்முகத்துக்கு வார்ப்பு போடுவதற்காகப் போன மாதம்தான் வெளியே எடுத்தார். யார் கேட்டாலும் தரமாட்டார். அதைவிட நம்பிக்கையான அளவு இந்த வீட்டில் ஏது?

நான் நினைத்தது சரி. எல்லாமே குறைகிறது. படத்தில் அறுநூறு மில்லிமீட்டர் போட்டிருக்கும் சைடுப் பலகை ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டுதான். ஆயிரத்து ஐந்நூறு இருக்க வேண்டிய அடித்தளம் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. சின்னத் தகட்டில் சின்னத் திருட்டு, பெரிய தகட்டில் பெரிய திருட்டு. என்ன ஒழுங்கு பாருங்கள்.

சீட்டையும் அளந்தேன். அதுவும் குறைவு. இரண்டு சீட்டும்தான். ஆனால் ஒல்லியானவளுக்கு அந்தக் குறை உறைக்காது.

இவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளுக்காகப் பேசுவார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

டிசம்பர் 8, திங்கள்

இவர் காரமடையில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். நான் ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

ஸ்கூல் வேன் முதலாளி ஒருத்தர் தன் வண்டியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கூட இரண்டு பேர். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதது நல்லதென்று சத்தமாகவே சொன்னேன்.

"அளவுல கை வெச்சிருக்கீங்க. ஒண்ணுகூடப் படத்துல இருக்கற மாதிரி இல்ல. நானே அளந்தேன்."

பிலோமினா சுத்தியலைக் கீழே வைத்தாள். "எதுலீங்க்கா அளந்தீங்க?"

ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். துணியைப் பிரித்துப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துணியை முன்போலவே சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"இதுலதான் அளந்தீங்களா?"

"ஆமா. ஏன், இது பொய் சொல்லுமா?"

அவள் உள்ளே போய்ப் பானெட்டைத் தூக்கி வந்தாள். முடிந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி இருந்தது. அதைத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பெரிய கத்திரியால் நடுவில் வெட்டினாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"அளவு தப்புன பொருளு இந்தப் பட்டறைல தங்காதுங்க. என்ற வீட்டுக்காரர் வெச்ச சட்டம்" என்றாள். வேன் முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜெயித்த மாதிரிதான் பஸ் ஏறினேன். வரும் வழியில் அரைக் கிலோ ஜிலேபிகூட வாங்கினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இவர் பட்டறைக்குப் போய்விட்டுப் பேயறைந்த மாதிரி வந்தார்.

"பானெட்ட அந்தப் புள்ள வெட்டிப்போட்டுது அம்மிணி. ஏம்மான்னு கேட்டா, அளவு தப்பிருச்சுங்ணா, இனி இந்த வேல என்னால ஆகாதுங்கறா. மத்த சாமானெல்லாம் ஏத்தி உட்டுட்டா."

"வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

"ஒரு வார்த்த இல்ல."

என் பெயரை அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? திருடிக்குத் தேள் கொட்டினால் கத்தமாட்டாள் என்பார்கள். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஜிலேபியை இவர் தொடவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

போனில் ஃபவுண்டரிக் கூட்டாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். காது கொடுத்தேன். யாரோ ஒரு பொம்பளை பட்டறைக்கு வந்து அளவு தப்பென்று கூட்டத்தில் நிரூபித்தாளாம். வேன் முதலாளி மூன்று வண்டிகளையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாராம். "பொம்பள கையில அளவு நிக்காதுன்னு பேசறானுங்க" என்றார் இவர். "நானுந்தான் என்னன்னு சொல்லறது? வெட்டுனது அவளேதான."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இவர் இந்த வாரம் முழுக்க ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஷோகேஸ் கதவுக்குப் புதுக் கண்ணாடி போடச் சொல்லி அளவு கொடுத்திருந்தேன். கடைக்காரர் வெட்டிக் கொண்டுவந்தார். சட்டத்தில் வைத்தால் கடகடவென்று ஆடுகிறது. எல்லாப் பக்கமும் இடைவெளி. கடைக்காரர் தன் டேப்பை வைத்துக் காட்டி, "நீங்க குடுத்த அளவுதானுங்க" என்று சத்தியம் பண்ணுகிறார். "நான் அளந்தது தப்பா இருக்க முடியாது" என்று நானும் விடவில்லை.

இவர் வந்து பார்த்தார். பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எதுல அளந்தே? துணி சுத்தி வெச்சிருந்ததுலயா?"

"ஆமாங்க."

"அட கெரகமே. அது வார்ப்படத்துக்குண்டான ஸ்கேலு அம்மிணி. உருக்குன அலுமினியம் ஆறுனா சுருங்கும். அதுக்குத் தோதா மரத்தக் கொஞ்சம் பெருசா எழைக்கோணும். ஒவ்வொருக்காவும் கணக்குப் போட முடியாதுன்னு, அந்த ஸ்கேல்ல சென்டிமீட்டரையே கொஞ்சம் பெருசா வெட்டியிருப்பாங்க. அதுல அளந்தா நல்ல பொருளும் கட்டையாத்தான் தெரியும். பேட்டர்ன் மேக்கர் பொண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது?"

கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அணைக்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

இவர் வெளியே போனதும் தொய்ந்ததென்று நான் ஒதுக்கிய தையல் டேப்பால் எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். சைடுப் பலகை, அடித்தளம், இரண்டு சீட். நூல் பிடித்த மாதிரி படத்தில் இருக்கிற அளவு.

அவளிடம் ஸ்கேலைக் கொடுத்தேனே. பிரித்துப் பார்த்தாளே. இவர் அதை எடுத்துப்போய் அவளிடம் காட்டாமலா இருந்திருப்பார்? வார்ப்பட ஸ்கேல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் வெட்டினாள்?

டிசம்பர் 25, வியாழன்

இன்று போகலாமென்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒருத்தி வீட்டில் போய் அழுதுகொண்டு நிற்கக்கூடாது என்று போகவில்லை. சாக்குத்தான். தெரிகிறது.

டிசம்பர் 29, திங்கள்

போனேன்.

பட்டறையில் ஒரு வண்டியும் இல்லை. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் போட்டாள். ஸ்கேல் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

"ஸ்கேல பாத்ததுமே தெரியுங்க்கா. அண்ணன் முன்னமே சொல்லியிருக்காருங்க, அத எடுத்து அளந்துபோடாதம்மான்னு."

"அப்ப அந்த நிமிசமே சொல்லியிருக்கலாமல்ல? என்ற மொகத்துல துப்பியிருக்கலாமல்ல?"

முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"சொல்லியிருப்பனுங்க. நீங்க தகரத்த அளக்க வந்திருந்தா."

ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள்.

"மூணு நாள்ல முடிய வேண்டிய பானெட்டுங்க்கா அது. மூணு வாரம் இழுத்தேன். ஓரத்தத் தட்டறது, மறுபடி நிமித்தறது. அண்ணன் காலைல வந்து உக்காந்து அந்தக் காரப் பத்திப் பேசுவாரு. நாலு வருசமா இந்தப் பட்டறைல ஆருங்க்கா எங்கூட உக்காந்து பேசுனது? அது நின்னுருமேன்னு இழுத்தேன். அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. பேச்செல்லாம் ஆஸ்டினப் பத்தியும் உங்களப் பத்தியுந்தான்." முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க அளவு தப்புங்க்கா. சந்தேகம் தப்பில்ல. அதான் வெட்டிப்போட்டேன்."

அவளை ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. கூடவே அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வேலையெல்லாம் போயிருச்சே" என்றேன்.

"போகட்டுங்க. ஆனா இத மட்டும் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அளவு தெரியாதவன்னு அவரு நெனைச்சா தாங்கிக்குவேன். மத்தது தெரிஞ்சு பரிதாபப்பட்டார்னா தாங்கமாட்டேன்."

சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டி எங்கேயோ நடந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

வண்டி ஓடுகிறது. தெருவே வேடிக்கை பார்த்தது. பச்சைப் பெயிண்ட், முன்முகத்தில் அலுமினிய வார்ப்பு, மரத்தில் ஸ்டீயரிங். பானெட் மட்டும் கிடையாது. எஞ்சின் பப்பரப்பா என்று தெரிகிறது. வேறு ஆளிடம் கொடுத்துச் செய்யலாமே என்றேன். "அந்தப் புள்ள தட்டுன தகரத்தோட இன்னொருத்தன் தகரம் ஒட்டாது அம்மிணி" என்றார்.

முன்பு என்றால் இந்த ஒரு வரிக்கு நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. வடைக்கு உப்புக் கூடிவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

ஓட்டம் முடிந்து இப்போதுதான் வந்தோம். சேலை முழுக்க ஆயில் புள்ளி.

ஒரு காலேஜ் மைதானத்தில் நடந்தது. பதினைந்து இருபது குட்டி வண்டிகள். எங்களுடையதைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். நடத்துகிறவர்களில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "பிரமாதமுங்க. பானெட் எங்கீங்க?" என்றார்.

"அளவு தப்பிருச்சுங்க" என்றார் இவர்.

"ஆரு, அந்த உக்கடத்து அம்மாவா? கேள்விப்பட்டேன். நம்ம வேலைக்கெல்லாம் அவங்களக் கூப்பிடறதுன்னு இருந்தோம். நல்லவேள."

சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

"அளவு சரிதானுங்க" என்றேன். "மில்லிமீட்டர்கூடத் தப்பில்ல. தப்பா அளந்தது நான். அவங்க பட்டறைக்குப் போயிக் கத்துனதும் நான்தானுங்க. வேணும்னா இந்த வண்டில ஒவ்வொரு தகரமா அளந்து பாருங்க, இங்கயே."

பெரியவர் நிஜமாகவே டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். இவர் சுருட்டிக் கொண்டுவந்திருந்த படத்தை விரித்து அளந்தார்கள். அளக்க அளக்க அவர் முகம் மாறியது. அந்த அம்மாவின் போன் நம்பர் வேண்டுமென்று இவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் முறை வந்ததும் வண்டியை எடுத்தார். மைதானத்தை மூன்று தடவை சுற்றினோம். எல்லோரும் கை தட்டினார்கள். நாற்பது வருட ஆசை, அதில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மனிதர் முகத்தில் சிரிப்பில்லை. அழுகை வந்தது. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, ஒரு டம்ளர் டீயும் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எதுக்கு அளந்தே?"

உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை, என் கண் தப்பாகப் பார்க்கவில்லை என்று சொல்ல எத்தனை ஆசையாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

"நீங்க தெனமும் அங்க போனீங்கல்ல. அதான்" என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒரு நல்ல மனுசியச் சந்தேகப்பட்டுப்போட்டயே அம்மிணி."

"ஆமாங்க" என்றேன். "ஒண்ணுமில்லாததுக்குத்தான்."